வாகையடியூரின் நண்பகல் நிப்பு

வாகையடியூரில் நண்பகல் சங்கு ஊதினால் ஊர் நின்றுவிடும். வேலையை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். நின்றது நின்றபடி நிற்கும். சங்கு பாதி ஊதி, விக்கல் வந்தவரைப் போல நடுவில் அடைத்துக்கொள்ளும், அது எப்போது மீதியை ஊதி முடிக்கிறதோ அதுவரைக்கும் சவரக்கடைக்காரரின் கத்தி கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நிற்கும், டீ மாஸ்டர் தூக்கிய கை தூக்கியபடி நிற்க டீ மட்டும் ஒழுகித் தீரும், மருமகனை ஏசிக்கொண்டிருந்த மாமனார் ஏச்சின் நடுவில் வாய் பிளந்து நிற்பார், ஏச்சு வாங்கும் மருமகன் அந்த வாயையே பார்த்தபடி நிற்பான், காக்கைகள் மட்டும் இறங்கி வந்து, ஊரே தங்களுக்கு இலை போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதாக நினைத்து, வடைத் தட்டில் ஆரம்பித்து ஒரு சுற்று முடித்துவிட்டுப் பறக்கும். சங்கு மீதியை ஊதியதும் மாமனார் விட்ட சொல்லிலிருந்து ஏச்சைத் தொடர்வார். ஊரில் இதற்கு நிப்பு என்று பெயர்.

சங்கை ஊதியது ஒரு பொட்டி. பேரூராட்சி அலுவலகத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் காலடியில் இருந்த சங்கு அறையில், சோப்பு டப்பாவுக்குள் வைத்து மூடிய, சீட்டுக்கட்டு அளவேயான ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் அது. திரை கிடையாது, தட்டுவதற்கு எழுத்துப் பலகை கிடையாது, செல்போனில் பாட்டு ஏற்றிக்கொள்ளப் போடுவார்களே, அந்த மாதிரி நகத்தளவு மெமரி கார்டு ஒன்று அதன் வயிற்றில் செருகியிருக்கும், அவ்வளவுதான். சங்கு ஊதுவது, தெருவிளக்கை ஏற்றி அணைப்பது, குடிதண்ணீர் வால்வைத் திறந்து மூடுவது, எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் போனது என்று எழுதி வைப்பது என்று ஊர்க் காரியம் எல்லாம் அந்தக் கார்டின் தலையில் கட்டியிருந்தார்கள். பாட்டுக் கேட்கப் பிறந்த கார்டு, எழுதி எழுதித் தேய்ந்து, எல்லா வேலையும் ஒன்றாக வந்து விழுகிற நண்பகலில் திணறியது; கார்டு திணறப் பொட்டி திணறியது, பொட்டி திணறச் சங்கு திணறியது, சங்கோடு ஊரும் நின்றது. பொட்டி நின்றதற்குக் காரணம் உண்டு. ஊர் ஏன் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, பேருந்து ஏன் ஊருக்குள் வருவதில்லை என்று ஒரு தலைமுறையாகக் கேட்டும் பதில் கிடைக்காத ஊரில், புதிதாக ஒரு கேள்வி எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

ஆரம்பத்தில் நிப்பு ஒரு கொட்டாவி நேரம்தான் இருந்தது. பிறகு ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆனது, பிறகு ஓர் உலை சோறு வேகிற நேரம் ஆனது, அதற்குள் ஊர் அதற்கு ஏற்றபடி தன்னை மடக்கி வைத்துக்கொண்டது. உள்ளூர் நாள்காட்டியில் ராகுகாலம், எமகண்டத்துக்குப் பக்கத்தில் நிப்புக்கும் ஒரு கட்டம் போட்டார்கள். முகூர்த்தத்தை நிப்புக்கு முன்னால் முடிப்பதா, தாலி கட்டும் கை நிப்பில் நின்றால் கல்யாணம் கணக்கில் வருமா வராதா என்று ஜோசியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வெயிலில் நிற்க நேர்கிறவர்களுக்காகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நிப்புக்குடை விற்பனைக்கு வந்தது. ஆளுங்கட்சிக்காரர்கள் நிப்பு எங்கள் ஆட்சியில்தான் வந்தது என்றார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் மாலையிலும் ஒரு நிப்பு வேண்டுமென்று உண்ணாவிரதம் இருந்து, நண்பகல் நிப்பு வரைக்கும் தாக்குப்பிடித்து, அப்புறம் சாப்பிடப் போனார்கள். மெயின் ரோட்டு முகப்பில் நிற்கும் ஊர் வளைவுக்கு உள்ளே வந்துவிட்டால் யாராக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான்; திருட வந்தவன் ஒருவன் அடுத்தவர் சட்டைப் பையில் கை விட்டபடி நின்று, நிப்பு முடிந்ததும் நோகாமல் பிடிபட்டான்.

பேரூராட்சியிலும் தீர்மானம் போட்டார்கள். நிப்பில் இருப்பவரைத் தொடக்கூடாது, நிப்பில் இருப்பவரிடம் கேள்வி கேட்கக்கூடாது, நிப்பில் பொங்கிய பாலுக்கும் கருகிய தோசைக்கும் யாரும் யாரையும் ஏசக்கூடாது, நிப்பு என்பது இயற்கை, அதற்கு எவரும் பொறுப்பாளி அல்ல என்று தலைவர் பூலுடையார் முன்மொழிய, எல்லா உறுப்பினர்களும் கட்சி வேறுபாடு இல்லாமல் கைதட்டி நிறைவேற்றினார்கள். பொறுப்பு இல்லை என்று வருகிற தீர்மானங்களில் அவர்களுக்குள் எப்போதுமே ஒற்றுமை உண்டு.

இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், நிப்பு முடிந்து பார்த்தால் வீட்டு வேலைகள் நடந்திருக்கும். ஊர் நின்றபோது தொட்டி முற்றத்தில் குவிந்து கிடந்த பாத்திரங்கள் ஊர் அசையும்போது தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கும், கொடியில் கிடந்த துணி மடித்திருக்கும், உலையில் இருந்த சோறு வடித்திருக்கும், பிள்ளையின் மூக்குகூடத் துடைத்திருக்கும். இது யார் கை வேலை என்று ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். வீட்டில் வேலை செய்கிற கை வேறு எதுவும் அவர்கள் நினைவுக்கு வராததால், அது அம்மன்தான் என்று முடிவுக்கு வந்தார்கள். சங்கு அறைக்குப் பக்கத்தில் நிப்பம்மனுக்கு ஒரு பீடம் எழும்பியது, ஆடியில் கொடைத் திருவிழா நடந்தது, வில்லுப்பாட்டுக்காரர்கள் அம்மன் பாத்திரம் தேய்த்த கதையை மூன்று ஜாமமும் பாடினார்கள், கேட்டுக்கொண்டிருந்த ஆண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கும் பந்தியில் பரிமாறி, எச்சில் இலை எடுத்தவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சிக்கனி அந்தக் கொடையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டியையும் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துக்கொள்ளும் தற்காலிகப் பணியாளன் ஆறுமுகநயினாரின் மனைவி அவள், கம்ப்யூட்டர் படித்தவள். பொட்டிக்கு ஏதாவது வந்தால் நயினார் அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவான், அவள் பார்த்துக் கொடுப்பாள், அவன் அதைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டிவிட்டு நெற்றி வியர்வையைத் துடைப்பான். நிப்பு வந்தால் ஊரே நின்றது, கனி நிற்கவில்லை. விடிந்தது முதல் படுக்கிறவரை நிற்க நேரமில்லாதவளுக்கு நிப்பு வந்து என்ன செய்யும், அது வாசல்வரை வந்து பார்த்துவிட்டு அவள் ஓட்டத்தைக் கண்டு திரும்பிப் போயிருக்க வேண்டும். முதல் தடவை அவள் பயந்துதான் போனாள். மறுநாள் அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டுச் சும்மா இருந்து பார்த்தாள். அதற்கு மறுநாள், மாமனார் காலமானதிலிருந்து யாருமே உட்காராத, அவர் படத்துக்குக் கீழே துண்டு போட்டு வைத்திருந்த சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அதில் உட்கார்ந்து அவள் ஒன்றும் செய்ததில்லை. வேலையை விறுவிறுவென்று முடித்துவிட்டு, ஒரு டம்ளர் டீயைச் சூடு ஆறுமுன் குடித்து, காலைத் தூக்கி நாற்காலிக் கைமேல் போட்டுக்கொண்டு, உடம்பு முடியாமல் எதிரே கட்டிலோடு கிடந்து, கண்மூடி நிப்பில் இருக்கும் மாமியார் செண்பகவல்லியைப் பொருட்படுத்தாமல், வாய்க்கு வந்த பாட்டைச் சத்தமாகப் பாடுவாள், பாடத் தோன்றாவிட்டால் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். யாரும் "கனீ" என்று கூப்பிடாத நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த வீட்டில் கிடைத்ததும் அது ஒன்றுதான், அதனால் அவள் நிப்பின் மேல் உயிரையே வைத்திருந்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த நேரத்துக்கும் ஒரு வேலை வைத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

இப்படியே போயிருந்தால் ஒன்றுமில்லை, ஆனால் கார்டு இன்னும் தேய்ந்து, நிப்பு நேரம் தவறி வர ஆரம்பித்தது. தலைவர் பூலுடையார் நிப்புக்கென்றே ஒரு நிலை பழகி வைத்திருந்தார். சங்கு ஊதப் போகிறதென்றால் வேட்டியை இழுத்துவிட்டு, வலது கையைத் தூரத்தில் காட்டி, முகத்தில் லேசான கவலையோடு நிற்பார், பின்னாளில் சிலை வைக்கிறவர்களுக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று. ஒருநாள் அவர் ஊர் வளைவுக்கு உள்ளே, தம்முடைய படம் போட்ட வரவேற்புப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் முன்கூட்டியே சங்கு ஊதி அடைத்துக்கொண்டது. அப்போது தலைவரின் ஆட்காட்டி விரல் மூக்குக்குள் இருந்தது. வளைவுக்கு வெளியே, மெயின் ரோட்டில் ஆள் இறக்க நின்ற பேருந்துக்குள் இருந்தவர்களுக்கு நிப்பு கிடையாது, போன் உண்டு. மேலே சிரித்தபடி கும்பிடும் தலைவரும் கீழே மூக்கைக் குடையும் தலைவரும் ஒரே படத்தில் விழ, அது சாயங்காலத்துக்குள் மூன்று மாவட்டங்களைச் சுற்றி வந்து, கடைசியில் தலைவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கென்று போனில் தொடங்கிய குழுவுக்குள்ளேயே வந்து விழுந்தது.

கல்யாண மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

"நிப்பு நம்ம ஊரோட முன்னேத்தத்துக்கே தடையா இருக்குன்னு நான் ரொம்ப நாளாவே சொல்லிக்கிட்டு வாரேன்" என்றார் தலைவர்.

"தலைவரு நேத்துவர அது நம்ம ஊரோட பெருமைன்னுலா சொன்னாவ" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சொன்னவரைத் தேடிக் கழுத்துகள் திரும்பின.

நிப்பம்மன் பூசாரி எழுந்தார். "நிப்ப எடுத்துட்டா அம்மா எப்படிய்யா வருவா? அப்புறம் வீட்டுல பாத்திரம் யாரு கழுவுதது?"

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரூராட்சிச் செயல் அலுவலர் எழுந்து, டவுன் கம்ப்யூட்டர் கடையில் தாம் விசாரித்ததைச் சொன்னார்: கோளாறு பொட்டியில் இல்லை, கார்டில், கார்டில் இருப்பதையெல்லாம் எஸ்.எஸ்.டி. என்கிற ஒன்றுக்கு மாற்றிவிட்டால் பொட்டி அரபிக் குதிரை மாதிரி ஓடும். அப்படியானால் பழைய கார்டை என்ன செய்வது, அம்மன் குடியிருந்த கார்டாயிற்றே, குப்பையிலா போட முடியும் என்று இன்னொரு சர்ச்சை கிளம்பி, வெள்ளிச் சட்டம் போட்டுப் பீடத்தில் வைத்துவிடலாம் என்று பூசாரியே வழி சொன்னதும் எல்லாருக்கும் நிம்மதி ஆனது. பெண்கள் பக்கம் யாரும் கருத்துக் கேட்கவில்லை, அவர்கள் மண்டபத்தின் பின்கட்டில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நயினார் அன்றைக்குப் பொட்டியைத் துண்டில் சுற்றாமல், புது வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"கனி, இத மட்டும் மாத்திக் குடுத்துரு. ஆபீசர் சொல்லிட்டாரு, நல்லபடியா முடிஞ்சா என்னய நிரந்தரம் ஆக்கச் சொல்லி மேல எழுதுவாராம். இந்தத் தினக்கூலிப் பொழப்புலருந்து தப்பிச்சிருவேன்ட்டி."

"மாத்தினா நிப்பு போயிருமா?"

"போயிரும். நல்லதுதான? நிப்பு உனக்கு மட்டும் என்னத்துக்கு?"

அவன் கேட்டதில் கபடம் ஒன்றுமில்லை. அவன் வேலைக்குப் போய் வந்த அத்தனை வருஷமும், எப்போது நிறுத்துவார்களோ என்று மாதக் கடைசியில் அவன் முகம் போகிற போக்கை அவள் பார்த்திருக்கிறாள். புருஷனுக்கு வேலை நிலைக்க வேண்டுமென்றால் தன் நேரத்தைத் தன் கையாலேயே அழிக்க வேண்டும். இதை எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது, நிப்பம்மனும் அவளேதானே.

கல்லூரியில் வாங்கிய, மூடி ஆடுகிற லேப்டாப்பை எடுத்துவைத்து, கார்டை ஒரு பக்கமும் எஸ்.எஸ்.டி.யைக் கம்பியில் கோத்து இன்னொரு பக்கமும் செருகினாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான கறுப்புத் தகடு அது. அதற்குள்ளே அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஊரின் தண்ணீர், ஊரின் வெளிச்சம், ஊரின் சங்கு எல்லாம் ஓர் எழுத்து விடாமல் அதில் நகலாகிக்கொண்டே வந்தன. அப்படியே உள்ளதை உள்ளபடி நகல் எடுக்கும்போது நிப்பும் கூட வந்துவிடாதா என்று ஓர் ஆசை அவளுக்குள் ஓடியது. முடிந்ததும் எஸ்.எஸ்.டி.யைப் பொட்டியில் மாட்டி உயிர் கொடுத்தாள். பொட்டி எழுந்து, எழுந்த வேகத்தில் படுத்தது, மறுபடி எழுந்து மறுபடி படுத்தது, எஸ்.எஸ்.டி. பழைய கார்டைவிடச் சாப்பாட்டுப் பிரியன், செல்போன் சார்ஜர் தருகிற மின்சாரம் அதற்குப் பல்லில் ஒட்டவில்லை என்று கண்டுபிடித்து, பெரிய சார்ஜர் வாங்கிவரச் சொன்னாள். கார்டையும் உள்ளே விட்டுவிடக்கூடாது, இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால், ரேஷன் கடையில் ஒரே பெயருள்ள இரண்டு பேரைக் கூப்பிட்ட மாதிரி பொட்டி குழம்பிப்போகும் என்று கார்டை உருவி எடுத்தாள். பெரிய சார்ஜர் வந்ததும் பொட்டி கண்ணைத் திறந்தது. அவள் இழுத்த மூச்சை விடுவதற்குள் எல்லா வேலைகளும் வரிசை கட்டி வந்து நின்றன. எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று படித்த புத்தி ஒரு நிமிஷம் பூரித்தது, அடுத்த நிமிஷம் அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள்வரைக்கும் பழைய கார்டுதான் சங்கு ஊத வேண்டும், கடைசி நிப்பை அம்மனுக்குப் படையல் போட்டு வழியனுப்ப வேண்டும் என்று பூசாரி சொன்னதால், பொட்டியைப் பழையபடி கார்டோடு மாட்டி, எஸ்.எஸ்.டி.யைப் பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து மூடி வைத்தார்கள்.

கடைசி நிப்பு வந்தபோது கனி நாற்காலியில் உட்காரவில்லை. சங்கு அறைக்குப் போய், அந்தத் தகட்டைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று ஒரு மனம், போய்ப் பார்த்துவிட்டாவது வருவோம் என்று ஒரு மனம். நிப்பு நேரத்தில் அவள் அதுவரை வாசலைத் தாண்டியதே இல்லை. சொல்லாமல் வெளியே போகிற பழக்கம் அந்த வீட்டு மருமகளுக்குக் கிடையாது, சொல்லிவிட்டுப் போகலாமென்றால் கேட்கிறவர்கள் நிப்பில் இருந்தார்கள். அவள் கால் வாசற்படியில் பட்டதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"செருப்ப மாட்டிட்டுப் போ. தாரு ரோடு கொதிக்கும்."

கனி வாழ்க்கையில் முதல்முறையாக நின்றாள். திரும்பிப் பார்த்தால் செண்பகவல்லி கட்டிலில் அதே கிடை, அதே மூடிய கண்.

"அத்தை... நீங்க?"

"ஆமா. நாப்பது வருசம் நிக்காத ஒடம்பு, கட்டில்ல போட்டவொடனே நின்னுருமாக்கும்?" உதடு மட்டும்தான் அசைந்தது. "பாட்டு நல்லாத்தான் பாடுத. அந்த நாக்காலில நாங்கூட ஒருநா உக்காந்ததில்ல. போ, நேரமாவுது."

கனிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மாமியாரின் காலை ஒருமுறை தொட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

தெருவில் ஆண்கள் அங்கங்கே நின்றார்கள். தெருமுக்குத் திரும்பினால் தையல்காரர் மனைவி அமலோற்பவம் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தாள், ஒரு கால் தூக்கியபடி, கையில் அம்மிக் குழவியோடு. கனியும் சட்டென்று நின்றாள். இரண்டு பேரும் கண் இமைக்காமல், மூச்சை அடக்கி, ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிப்பில் நின்றார்கள். குழவி கனமாக இருந்திருக்க வேண்டும், அமலோற்பவத்தின் கை முதலில் ஆடியது, பிறகு தூக்கிய கால் ஆடியது.

"மதினி, கால எறக்குங்க, விழுந்துராதிய" என்றாள் கனி.

"நீயுமாட்டி?" என்றாள் அமலோற்பவம். "அந்த எளவெடுத்த தகட்ட ஒரே போடு போட்டுரலாம்னு வாரேன்."

அதற்குள் பள்ளிவாசல் தெருக்காரி மைதீன் பாத்து ஒரு வாளி உப்புத்தண்ணீரோடு வந்து, இவர்களைக் கண்டதும் வாளியோடு நிப்பில் நின்றாள். இவர்கள் சிரித்ததைப் பார்த்துத் தானும் சிரிக்க, தண்ணீர் பாதி கொட்டியது. அடுத்த கதவு திறந்தது, அதற்கடுத்த கதவும் திறந்தது. அரிவாள்மனையோடு ஒருத்தி, கரித்துணியில் நெருப்பு மூட்டி எடுத்து ஒருத்தி, வெறுங்கையோடு வேடிக்கை பார்க்க மட்டும் ஒருத்தி என்று தெரு நிறைய வந்தார்கள். ஒவ்வொருத்தியும் அந்த ஊரில் தான் ஒருத்திதான் நிற்காதவள் என்று நினைத்து, வீட்டுக்குள் அடைந்து, இத்தனை காலமும் தன் நிப்பைத் தனியாகத் தின்றுகொண்டிருந்தவள். படையல் வைத்திருந்த பொங்கலை எடுத்துத் தின்றபடி சங்கு அறை வாசலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அம்மனுக்குத்தானே வைத்தது என்று யாரும் கூச்சப்படவில்லை.

"சரி, போடு போட்டுருவோமா?" என்றாள் அமலோற்பவம்.

"ஒடச்சா டவுன்லருந்து வேற வாங்கிட்டு வந்துருவாவ மதினி. எங்க வீட்டுக்காரருக்கு வேலையும் போயிரும்" என்றாள் கனி.

"அப்ப நீ படிச்ச படிப்ப வச்சு, சங்கு நடுவுல நிக்க மாதிரி உள்ள எதையாவது எழுதி வையேன்" என்றாள் மைதீன் பாத்து.

"எழுதலாம். சங்கு நின்னா பொட்டி சரியில்லன்னு ஆவும். அப்பவும் அவுக வேலதான் போகும். பொட்டி ஒழுங்கா ஓடணும் யக்கா. ஒரு கொறயும் சொல்ல முடியாதபடிக்கு ஓடணும்."

அமலோற்பவம்தான் குழவியைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டாள், "ஏட்டி, நிக்கதுக்குச் சங்கு எதுக்கு?" அவள் என்ன சொல்கிறாள் என்பது ஒவ்வொருத்திக்காகப் புரிந்துகொண்டே வந்தது. யாரும் விளக்கம் கேட்கவில்லை. மீதியை ஊதச் சங்கு கரகரக்க ஆரம்பித்ததும் அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள், செருப்பில்லாமல் வந்தவர்கள் துள்ளித் துள்ளி ஓடினார்கள்.

மறுநாள் திறப்பு விழா. வாழைத்தார், ரெட்டை நாதஸ்வரம், நிப்பிலிருந்து நிமிர்வை நோக்கி என்று ஒரு பேனர், அதில் தலைவர் இரண்டு கையும் தெரியும்படி கும்பிட்டுக்கொண்டிருந்தார். நயினார் கார்டை உருவி வெள்ளிச் சட்டத்துக்குள் வைக்க, பூசாரி அதைப் பீடத்துக்குக் கொண்டுபோக, எஸ்.எஸ்.டி. கோத்த பொட்டிக்குக் கற்பூரம் காட்டினார்கள், காட்டிய வேகத்தில் பிளாஸ்டிக் இளகாமல் இருந்தது நயினாரின் நல்ல நேரம். நண்பகலில் சங்கு எழுந்தது. ஒரு விக்கல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை, எண்ணெய் ஊற்றிய மாதிரி ஊதி முடித்தது. ஆண்கள் தங்கள் கையைத் தூக்கிப் பார்த்தார்கள், காலை ஆட்டிப் பார்த்தார்கள், எல்லாம் ஆடியது. கைதட்டல் அடங்க வெகு நேரமானது. தலைவர் நன்றியுரை தொடங்கி, அதைத் தொடர்ந்து முடிக்கவும் செய்தார், அது ஒன்றுதான் அங்கே கொஞ்சம் ஏமாற்றம்.

சாப்பிட வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். வீட்டில் பெண்கள் நின்றார்கள். கரண்டியைத் தூக்கியபடி ஒருத்தி, குடத்தை இடுப்பில் ஏற்றுகிற பாதியில் ஒருத்தி, பெரும்பாலானவர்கள் முன்யோசனையாக உட்கார்ந்தபடி. கண் திறந்திருக்க, கூப்பிட்டால் கேட்காமல், ஊர் முழுக்க, தெரு தவறாமல், சாதி மதம் பாராமல் நின்றார்கள். அடுப்பில் எல்லாம் பொங்கிக்கொண்டிருந்தது. தலைவர் வீட்டில் சம்பந்தி விருந்து, தலைவரின் மனைவி அப்பளத்தைக் கையில் பிடித்தபடி நிற்க, எண்ணெய் புகைய, வந்த சம்பந்திகள் அதைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் தன் மனைவியைத் தோளைப் பிடித்து உலுக்கப் போனார். தொடக்கூடாது, தீர்மானம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் தடுத்தார். ஏசலாமா என்று கேட்டார், ஏசவும் கூடாது. சரி, என்ன ஏது என்றாவது விசாரிக்கலாமென்றால் அதற்கும் தீர்மானம் குறுக்கே நின்றது. பூசாரி மட்டும், கார்டை அசைத்ததால் அம்மா கோபித்துக்கொண்டு பெண்களுக்குள் இறங்கிவிட்டாள், இனி வேலையை நாம்தான் பார்த்து அவள் மனம் குளிரச் செய்ய வேண்டும் என்று குறி சொன்னார். அதற்கு முன் அவர் தம் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார் என்று சொல்வார்கள். குறி பலித்தது; வேறு வழியும் இல்லை.

செயல் அலுவலர் நயினாரைத் தனியே கூப்பிட்டார். "உண்மையச் சொல்லுய்யா. மாத்துனதுல ஏதும் தப்பு வந்துருச்சா? வந்திருந்தா நான் மேல எழுத முடியாது."

தப்பு வந்துவிட்டது என்றால் வேலை போகும். வரவில்லை என்றால், அப்படியானால் பெண்கள் ஏன் நிற்கிறார்கள் என்ற கேள்வி வரும். "வீட்டுக்குப் போயிட்டு வந்து சொல்லுதேன் சார்" என்று நயினார் வெயிலில் ஓடிவந்தான். கட்டிலில் அம்மா கண்மூடிக் கிடந்தாள். கனி அடுப்படி வாசலில், சுவரில் சாய்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். நயினார் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஏட்டி கனி, நீயாவது சொல்லு. பொட்டி சரியாத்தான இருக்கு?"

கனியின் கண் சுவரைவிட்டு அசையவில்லை. "பொட்டிக்கு ஒரு கொறயும் இல்ல" என்றாள். "உங்களுக்கு வேல நிரந்தரம். சோறு கொதிச்சிட்டு கெடக்கு, போய் வடிங்க."

நயினார் அவளையே பார்த்தான். கட்டிலில் இருந்த அம்மாவைப் பார்த்தான். அவள் உதட்டோரம் எதையோ அடக்கிக்கொண்டிருந்தது. அவன் மடித்துக் கட்டிய வேட்டியை இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனான். உள்ளே ஏதோ உருண்டது, ஏதோ கவிழ்ந்தது, கை சுட்டுக்கொண்டவனின் சத்தம் கேட்டது.

"இந்த வடிதட்டு எங்கட்டி இருக்கு?" என்று அவன் அங்கிருந்தே கத்தினான்.

நிப்பில் இருப்பவரிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று தீர்மானம் இருந்ததால், கனி பதில் சொல்லவில்லை.